இரண்டாவது கார்டு வேண்டாம், இரண்டாவது திரை வேண்டும்

மேல்சித்தாமூர், செஞ்சி வட்டாரத்தில் கேமிங் கணினி பூட்டத் திட்டமிடும் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

முதல் சம்பளத்தைச் சேர்த்து வைத்திருப்பவர்கள், படித்துக்கொண்டே பகுதி நேரம் சம்பாதிப்பவர்கள், நாலு பேராகப் பணம் போட்டு ஒரே கணினியை வாங்கிப் பகிர்ந்து விளையாட நினைப்பவர்கள் என எல்லோருக்குமாகத்தான் எழுதுகிறேன். சென்னை ரிச்சி தெருவுக்கோ புதுச்சேரிக்கோ பாகங்கள் வாங்கக் கிளம்புவதற்கு முன் உங்களுக்குள் ஒரு விவாதம் நடக்கும்: கிராபிக்ஸ் கார்டு ஒன்றா இரண்டா, மானிட்டர் எத்தனை? இவற்றை ஒரே கேள்வியாக நினைத்துக்கொள்வதில்தான் பணம் வீணாகிறது. இவை வேறு வேறு கேள்விகள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளையாட்டுக்காக இரண்டாவது கார்டு வாங்காதீர்கள். கையிலிருக்கும் பணத்தில் ஒரே கார்டை நல்லதாக வாங்குங்கள். மிச்சம் இருந்தால் இரண்டாவது மானிட்டர் வாங்குங்கள். அதை ஓட்ட இன்னொரு கார்டு தேவையில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இரட்டைக் கார்டு என்பது ஒரு காலத்தில் நன்றாகவே வேலை செய்த ஏற்பாடு. யூடியூபில் இன்றும் கிடக்கும் பழைய வீடியோக்கள் எல்லாம் பொய் அல்ல. காலம் மாறிவிட்டது என்பதுதான் அவற்றில் இல்லை.

1998இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் வூடூ2 என்ற கார்டைக் கொண்டுவந்தது. அதில் இரண்டை ஒரு சிறு கேபிளால் இணைத்தால், திரையின் ஒற்றைப்படை வரிகளை ஒரு கார்டும் இரட்டைப்படை வரிகளை மற்றதும் வரையும். ஒரே படத்தின் வேலையைச் சரிபாதியாகப் பிரிக்கும் நேர்மையான வழி அது. அந்த நிறுவனம் நொடித்து அதன் உடைமைகள் என்விடியா கைக்குப் போன பின், 2004இல் என்விடியா, அந்த வூடூ2 இணைப்புக்கு இருந்த எஸ்எல்ஐ என்ற அதே சுருக்கப் பெயரில் தன் இணைப்பை வெளியிட்டது. அடுத்த ஆண்டே, பின்னாளில் ஏஎம்டியோடு இணைந்த ஏடிஐ நிறுவனம் கிராஸ்ஃபயரோடு வந்தது. அப்போதிருந்து ஏறக்குறைய பத்தாண்டுகள் இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு கார்டுகள் அடுக்கிய கேபினட்தான் உச்சம் என்று கருதப்பட்டது. ஆனால் வேலையைப் பிரிக்கும் முறை இதற்குள் மாறிவிட்டிருந்தது. வரிகளைப் பங்கு போடுவதற்குப் பதில், முதல் ஃப்ரேமை ஒரு கார்டு, அடுத்த ஃப்ரேமை இன்னொரு கார்டு என்று மாற்றி மாற்றி வரைவது வழக்கமாயிற்று. எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் தொடங்கியது.

முதல் சிக்கல், எண் சொல்வதும் கண் காண்பதும் வேறாகிப் போனது. விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடி கிடைக்கும். இரண்டு கார்டுகள் மாறி மாறி வரையும்போது ஒரு ஃப்ரேம் 5 மில்லிவிநாடியிலும் அடுத்தது 28 மில்லிவிநாடியிலும் வந்தால் சராசரி அதே 60தான். திரையின் ஓரத்தில் இருக்கும் எண் 60 என்றுதான் காட்டும். ஆனால் உங்கள் கண்ணுக்குப் படுவது அந்த 28 மில்லிவிநாடி இடைவெளி. அதாவது விநாடிக்கு 36 ஃப்ரேம் ஓடுவது போன்ற ஒரு திக்கல். இது கட்டுக்கதை அல்ல. 2013இல் ஒவ்வொரு ஃப்ரேமும் திரைக்கு வரும் நேரத்தைத் தனித்தனியாக அளக்கும் முறை பரவியபோது இது வெட்டவெளிச்சமானது. அந்த ஆண்டே ஏஎம்டி இதைச் சீர்செய்யத் தனி டிரைவர் வெளியிட வேண்டி வந்தது. இரண்டு கார்டுக்குப் பணம் கொடுத்தவர் ஒற்றைக் கார்டுக்காரரைவிடக் கரடுமுரடான படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த விளையாட்டுகளும் உண்டு.

இரண்டாவது சிக்கல் நினைவகம். 8 ஜிபி கார்டு இரண்டு போட்டால் 16 ஜிபி கிடைக்கும் என்று சொல்லி விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விளையாட்டில் அப்படி நடக்காது. இரண்டு கார்டும் தனித்தனியாக முழு ஃப்ரேமை வரைவதால், படங்கள், பரப்புகள், மாதிரிகள் எல்லாம் இரண்டிலும் ஒரே மாதிரி ஏற்றப்பட வேண்டும். இரண்டு முறை காசு கொடுத்தும் கைக்கு வருவது 8 ஜிபிதான்.

மூன்றாவதுதான் இந்த ஏற்பாட்டைத் தீர்த்துக் கட்டியது. சுமார் 2014க்குப் பின் வந்த விளையாட்டுகளில் ஓரங்களின் பிசிறை நீக்குவது, நிழலையும் பிரதிபலிப்பையும் மென்மையாக்குவது போன்ற வேலைகள் முந்தைய ஃப்ரேமில் கிடைத்த தகவலை எடுத்து நடப்பு ஃப்ரேமில் சேர்ப்பதால் நடக்கின்றன. இப்போதைய டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற படத்தை மேம்படுத்தும் வசதிகளும் இதே வழியில்தான் இயங்குகின்றன. நடவு வயலை இரண்டாகப் பிரித்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் நடலாம். ஆனால் சுவர் எழுப்பும்போது கீழ் வரிசை முடியாமல் மேல் வரிசையை வைக்க முடியாது. ஃப்ரேம்கள் ஒன்றன் மேல் ஒன்று எழும்பும் சுவராகிவிட்டன. முதல் கார்டு வரைந்ததை இரண்டாவது கார்டு காத்திருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் காத்திருப்பிலேயே இரட்டைக் கார்டின் ஆதாயம் கரைந்துவிடுகிறது.

இதையெல்லாம் தயாரித்தவர்களே ஒப்புக்கொண்டு பின்வாங்கினார்கள் என்பது வலுவான சான்று. 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 கார்டில் எஸ்எல்ஐ இணைப்புக்கான இடமே இல்லை. நடுத்தர விலைக் கார்டு வாங்குபவருக்கு அந்தக் கதவு அன்றே மூடிவிட்டது. 2019இல் ஏஎம்டி வெளியிட்ட ஆர்எக்ஸ் 5700 வரிசையில் கிராஸ்ஃபயர் இல்லை. 2020இல் என்விடியாவின் 30 வரிசையில் ஆர்டிஎக்ஸ் 3090 ஒன்றில் மட்டுமே இணைப்பு இருந்தது. 2021 ஜனவரி முதல் புதிய எஸ்எல்ஐ டிரைவர் அமைப்புகளைச் சேர்க்கப் போவதில்லை என்றும் அந்நிறுவனம் அறிவித்தது. 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090இல் அந்த இணைப்பும் போயிற்று. டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் என்ற கிராபிக்ஸ் இடைமுகங்கள் இரண்டிலும் பல கார்டுகளைப் பயன்படுத்தும் வசதி இன்னும் இருக்கிறது என்று சிலர் வாதிடுவார்கள். இருக்கிறது, ஆனால் அதற்கான உழைப்பு முழுவதும் விளையாட்டைத் தயாரிப்பவர் தலையில் விழுகிறது. ஆஷஸ் ஆஃப் த சிங்குலாரிட்டி, ஷேடோ ஆஃப் த டூம்ப் ரைடர், ஸ்ட்ரேஞ்ச் பிரிகேட், ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்று சில விளையாட்டுகள் அதைச் செய்தன. பட்டியல் மிகவும் சிறியது. உலகில் மிகச் சிலரிடம் மட்டும் இருக்கும் ஓர் அமைப்புக்காக மாதக்கணக்கில் யார் உழைப்பார்கள்? நீங்கள் அதிகம் ஆடும் வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 இரண்டும் பெரும்பாலும் பிராசஸரின் வேகத்தை நம்பி ஓடுபவை. அங்கே இரண்டாவது கார்டு சும்மா கிடந்து சூடேறும்.

இனி நீங்கள் கேட்கக்கூடிய கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அது நியாயமான கேள்வி. “செகண்ட் ஹேண்டில் பழைய கார்டு மலிவாகக் கிடைக்கிறதே, ஒரு புதுக் கார்டு வாங்குவதற்குப் பதில் இரண்டு பழையதை வாங்கினால் என்ன?” 2022 செப்டம்பர் 15இல் எத்தீரியம் நாணயம் தன் இயங்குமுறையை மாற்றிக்கொண்டபோது, கார்டுகளை வைத்து அதைத் தோண்டும் தொழில் ஒரே நாளில் முடிவுக்கு வந்தது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. அப்போது தொடங்கிய மலிவுதான் இன்றும் உங்களை இழுக்கிறது. ஜிடிஎக்ஸ் 1080 டிஐ இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காலத்தில் அது அருமையான கார்டு. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொன்றும் 250 வாட் இழுக்கும். 115 வாட் இழுக்கும் ஓர் ஆர்டிஎக்ஸ் 4060 ஏறக்குறைய ஒரு 1080 டிஐ அளவு வேகத்தைத் தனியாகவே தருகிறது. அதோடு 2025 அக்டோபருக்குப் பின், 1080 டிஐ அடங்கிய 10 வரிசைக் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் வராது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான் என்று என்விடியா சொல்லிவிட்டது. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், 2025 மே மாதம் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் இரண்டும் ஒளிக்கதிர்களைக் கணக்கிடும் தனி வசதி கார்டிலேயே இருந்தால்தான் ஓடும். 10 வரிசையில் அது கிடையாது. இல்லாத ஒரு வசதி, கார்டை இரண்டாக்குவதால் வந்துவிடாது.

நம் ஊர் நிலைமையையும் கணக்கில் சேருங்கள். 250 வாட் கார்டு ஒன்று கூடுதலாக நாளைக்கு 4 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 60 யூனிட் ஆகும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் என்று 2016இல் வந்த சலுகையில் பாதிக்கும் மேலானதை அந்த ஒரு கார்டு தின்றுவிடும். உங்கள் வீட்டு மின்விசிறியும் பிரிட்ஜும் அடுத்த கட்டணப் படிக்குத் தள்ளப்படும். சாதாரண 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட் வரைதான் தாங்கும். மின்சாரம் போன நொடியில் இரட்டைக் கார்டு கணினி அதோடு சேர்ந்து அணைந்துவிடும். எஸ்எம்பிஎஸ்ஸும் பெரியதாக வாங்க வேண்டும். இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. செஞ்சி மலைப்பாறைகள் இரவிலும் அனல் வீசும் சித்திரை வைகாசியில், ஏசி இல்லாத ஓர் அறையில் 500 வாட் வெப்பத்தை அவிழ்த்துவிடுவது உங்களுக்கும் நல்லதல்ல, கணினிக்கும் நல்லதல்ல. மேலே இருக்கும் கார்டு கீழே இருக்கும் கார்டின் வெந்த காற்றையே உறிஞ்சும்.

“மதர்போர்டில் இரண்டு நீள ஸ்லாட் இருக்கிறதே, எதற்காக வைத்தார்கள்?” என்று கேட்பீர்கள். நடுத்தர விலை போர்டுகள் பலவற்றில் இரண்டாவது ஸ்லாட் நீளமாக இருந்தாலும் அதற்குப் போகும் தடங்கள் நான்குதான். எஸ்எல்ஐக்கு எட்டுத் தடமாவது வேண்டும். நீளத்தைப் பார்த்து ஏமாறாமல் போர்டின் கையேட்டைப் பாருங்கள்.

இப்போது மானிட்டர். பல திரைக்குப் பல கார்டு வேண்டும் என்ற எண்ணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 2010இல் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 480 இரண்டு திரைகளைத்தான் ஓட்டும். மூன்று திரையில் விளையாட இரண்டு கார்டு கட்டாயமாக இருந்தது. ஆனால் ஏஎம்டியின் ஐஃபினிட்டி வசதி 2009 முதலே ஒரே கார்டில் மூன்று திரைகளை ஓட்டிக் காட்டியது. 2012இல் ஜிடிஎக்ஸ் 680 நான்கு திரைகளைத் தனியாகத் தாங்கியது. அன்றோடு இரண்டு கேள்விகளும் பிரிந்துவிட்டன. இன்று நீங்கள் வாங்கும் நடுத்தரக் கார்டின் பின்புறம் எண்ணிப் பாருங்கள்; பெரும்பாலும் எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளே போர்ட்டுமாக மூன்று அல்லது நான்கு துளைகள் இருக்கும்.

திரை எத்தனை என்பதைவிட, விளையாட்டு எத்தனை திரையில் பரவுகிறது என்பதுதான் கார்டுக்குச் சுமை. 1080பி திரை ஒன்றில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். மூன்று திரைகளில் ஒரே விளையாட்டை விரித்தால் 62 லட்சம். 4கே திரையின் 83 லட்சத்தில் முக்கால் பங்கு அது. அதற்குக் கார்டு மூன்று மடங்கு உழைக்க வேண்டும், ஃப்ரேம்கள் கணிசமாகக் குறையும். ஆனால் ஒரு திரையில் விளையாட்டும் மற்றதில் டிஸ்கார்டோ யூடியூபோ ஒளிபரப்பு மென்பொருளோ திறந்திருந்தால் கூடுதல் சுமை மிகச் சிறிது. 24 அங்குல எல்இடி மானிட்டர் இழுப்பது 20 முதல் 30 வாட். கார்டின் 250 வாட்டோடு இதை ஒப்பிடுங்கள். ஸ்ட்ரீமிங் செய்யத் தனிக் கார்டு வேண்டும் என்பதும் தவறு. 2012 முதல் என்விடியா கார்டுகளுக்குள்ளேயே வீடியோவைச் சுருக்கும் தனிப் பகுதி இருக்கிறது.

மூன்று திரைகள் உண்மையிலேயே பொருள் தருவது கார் பந்தயத்திலும் விமான சிமுலேட்டரிலும்தான். பக்கத்தில் வரும் வண்டியைத் தலையைத் திருப்பிப் பார்க்க முடிவது அங்கே ஆட்டத்தையே மாற்றும். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடமும் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் உள்ள மாநிலம் இது. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் தெருப் பந்தயமே நடந்தது. அந்த ஆசையில் ஸ்டீயரிங்கோடு உட்காருபவர் மூன்று திரை வைக்கட்டும். அதற்கும் ஒரு வலுவான கார்டே சரி. துப்பாக்கி விளையாட்டுகளில் போட்டிக்குப் போக நினைப்பவர்களுக்கோ ஒரே திரைதான். இ-ஸ்போர்ட்ஸை 2022 டிசம்பரில் மத்திய அரசு முறையான விளையாட்டாக அங்கீகரித்துவிட்டது. அந்த மேடைகளில் 24, 25 அங்குல வேகத் திரை ஒன்றின் முன்தான் வீரர்கள் உட்காருகிறார்கள். எனவே முதல் மானிட்டர் 144 ஹெர்ட்ஸுக்குக் குறையாமல் நல்லதாக இருக்கட்டும். இரண்டாவது, ஏதாவது அலுவலகம் கழித்துக்கட்டிய 60 ஹெர்ட்ஸ் திரையாக இருந்தாலும் போதும். 2011 முதல் அரசு தந்த மடிக்கணினிகளில் ஒன்று வீட்டில் கிடந்து, அதில் விண்டோஸ் 10 ஓடுமானால், வயர்லெஸ் வழியாக அதையே பக்கத்துத் திரையாக்கலாம். செலவே இல்லை. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும்: முதன்மை மானிட்டரின் கேபிளை மதர்போர்டின் துளையில் செருகாமல் கார்டின் துளையில் செருகுங்கள், 144 ஹெர்ட்ஸ் திரை வாங்கியதும் விண்டோஸ் அமைப்புக்குள் போய் 144 என்று தேர்ந்தெடுங்கள். அப்படியே விட்டால் அது 60இலேயே ஓடிக்கொண்டிருக்கும். பணம் கொடுத்தது தெரியாமலே போகும்.

லாஸ்லெஸ் ஸ்கேலிங் என்ற மென்பொருளைச் சிலர் சுட்டிக்காட்டுவீர்கள். ஒரு கார்டு விளையாட்டை வரைய, இன்னொன்று இடைப்பட்ட ஃப்ரேம்களை உருவாக்கும் ஏற்பாடு அது. வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அப்படி உருவாகும் ஃப்ரேம் நீங்கள் அழுத்திய பொத்தானுக்குப் பதில் சொல்வதில்லை. படம் வழுக்கிக்கொண்டு ஓடும், கையின் வேகம் மாறாது. வீட்டில் பழைய கார்டு சும்மா இருந்தால் போட்டுப் பாருங்கள். அதற்காக ஒன்றை வாங்குவது நியாயமில்லை.

இரண்டாவது கார்டு முழுப் பலன் தரும் இடம் ஒன்று இருக்கிறது. அதை மறைத்தால் என் வாதம் நேர்மையாக இருக்காது. பிளெண்டரில் முப்பரிமாணக் காட்சிகளை உருவாக்கும்போது ஒவ்வொரு கார்டும் படத்தின் ஒரு பகுதியை யாருக்கும் காத்திராமல் வரைகிறது. வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். மொழி மாதிரிகளைச் சொந்தக் கணினியில் ஓட்டும்போது இரண்டு கார்டுகளின் நினைவகமும் சேர்ந்தே பயன்படும். 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை சுமார் 10,372 கோடி ரூபாயில் ஒப்புதல் தந்த இந்தியா ஏஐ திட்டத்தின் முக்கியப் பகுதியே ஆயிரக்கணக்கான கார்டுகளை ஒன்றாகத் திரட்டுவதுதான். பிரிக்கக்கூடிய வேலைக்குப் பல கார்டு பொருந்தும். விளையாட்டு, மேலே சொன்ன காரணங்களால், அப்படிப் பிரிக்க முடியாத வேலையாகிவிட்டது.

பிரிக்கக்கூடிய அந்த முப்பரிமாண வேலைக்கான பொருள் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் இருக்கும் ஊர். பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் சிற்பங்களும் கோயில்களும் உள்ள ஊர். பக்கத்தில் ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திரகிரியும் சேர்ந்த செஞ்சிக் கோட்டை, 2025 ஜூலையில் மராத்திய ராணுவ நிலப்பரப்புகள் என்ற வரிசையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியிருக்கிறது. மடத்தாரிடமும் தொல்லியல் துறையிடமும் முறையாக அனுமதி பெற்று, நூற்றுக்கணக்கான கோணங்களில் படமெடுத்து, ஒரு சிற்பத்தையோ ஒரு மண்டபத்தையோ முப்பரிமாண மாதிரியாக்க ஒரே கார்டே தொடக்கத்துக்குப் போதும். விளையாட வாங்கிய அதே கார்டு அதைச் செய்யும். வேலை பெருகி, இரவெல்லாம் ஓட்டியும் முடியாத நிலை வந்தால் அன்றைக்கு இரண்டாவது கார்டைப் பற்றிப் பேசலாம். அதற்காக மதர்போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் கொஞ்சம் இடம் விட்டு வாங்கி வைப்பதில் தவறில்லை.

ஆகவே, இரட்டைக் கார்டுக்கு இன்னும் முன்பணம் கொடுக்காதவர்கள் கொடுக்க வேண்டாம். கொடுத்துவிட்டவர்கள், கடைக்காரர் இசைந்தால், இரண்டில் ஒன்றைத் திருப்பி ஒரு நல்ல மானிட்டராக மாற்றிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வட்டாரத்தை நேசிக்கும் ஒருவர்